ஆள் தெரியாத பாம்பாகப் பார்த்து ஒன்று

வரப்புக்கு வரப்பு பாம்பு கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு, காசு கொடுத்துப் பாம்பு வாங்கக் கோயம்புத்தூர் வரைக்கும் போய் வந்த குடும்பம் எங்களுடையது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் என் மாமியார்கூட அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார். அந்தப் பாம்பைத் தேர்ந்தெடுக்க நான் அவ்வளவு பாடுபட்டேன்.

சின்னமனூரில் எங்களுக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. விதை, உரம், பூச்சிமருந்து. கல்யாணமான வருஷத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிறோம். கல்லாவில் நான் இருப்பேன். முன்னால் நாற்காலி போட்டு விவசாயிகளிடம் பேசுவது அவர் வேலை. வாழை இலை ஏன் மஞ்சளாகிறது, திராட்சைக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஊர்க்கதையோடு கலந்து சொல்வார். மருந்து வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் அவர் பேச்சைக் கேட்கத்தான் வருவார்கள். அப்படிப்பட்ட மனிதர் எங்கள் நாய் செத்த அன்றைக்குக் கட்டிலில் படுத்தார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

அது கோம்பை நாய். குட்டியிலேயே கோம்பைக்குப் போய் அவரே தூக்கி வந்தது. செவலை நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. அவர் ஒருவரைத் தவிர உலகத்தில் வேறு யாரையும் அது மதித்ததில்லை. சோறு பொங்கி வைப்பவள் நான். அவர் “தின்னுடா” என்று சொன்னால்தான் தட்டில் வாய் வைக்கும். மதுரையில் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது இவர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அத்தனை நாளும் நாய் எங்கள் வாசற்படியைவிட்டு நகரவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நான் பிழைத்து வந்தேன். அடுத்த மழைக்காலத்தில் நாய் போய்விட்டது. நோயில்லை, நொடியில்லை, வயதாகித்தான் செத்தது. முருங்கை மரத்தடியில் அவரே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து படுத்தவர்தான்.

எனக்கும் துக்கம்தான். ஆனால் துக்கம் வந்து யூரியா மூட்டையை இறக்கிவைக்காதே. காலையில் கடையைத் திறந்து, லாரி வந்தால் சரக்கு இறக்கி, கடன் சொல்கிறவனோடு மல்லுக்கட்டி, வீட்டுக்கு வந்தால் வைத்த சோறு வைத்தபடி இருக்கும். “கடைக்கு வாங்க” என்றால் “நாளைக்கு” என்பார். அந்த நாளை வரவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் “அண்ணே எங்க மதினி?” என்று கேட்பார்கள். போகப் போக, காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கோம்பைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு நல்ல குட்டியாக ஒன்றைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். கட்டிலில் கிடந்தவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

“வேணாம். இனிமே ஆளைத் தெரிஞ்சு வச்சுக்கிற எதையும் நான் வளக்க மாட்டேன்.”

அதோடு செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என்னத்தைத்தான் பார்க்கிறாரோ என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் காலை நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து உட்கார்ந்து சொன்னார்.

“பாம்பு வளக்கலாம்னு இருக்கேன்.”

“என்னது?”

“பாம்பு. அதுக்கு ஆளு தெரியாதாம். சோறு போடுறவனும் ஒண்ணுதான், வாசக்கதவும் ஒண்ணுதான். நம்மள எதிர்பாக்காது. செத்தாலும் மனசு கெடந்து அடிக்காது.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு ஒரு மனிதர் காலையில் எழுந்து திட்டம் போட்டு, காரணமும் சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அரிவாள்மனையிலிருந்து எழுந்தே விட்டேன். கத்த வாயைத் திறந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாய் செத்ததிலிருந்து அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்ததில்லை. கட்டிலைவிட்டு அவரை எழுப்ப பாம்புதான் வேண்டும் என்றால் பாம்பு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

வாங்குவதென்று ஆனபின் ஒழுங்காக வாங்க வேண்டும். புது விதை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விளைச்சலைப் பற்றிப் பேசமாட்டேன். தண்ணீர் எவ்வளவு கேட்கும், நோய் தாங்குமா, ஒரு கல்யாணம் காட்சி என்று நீ வெளியூர் போய்விட்டால் கிடந்து பிழைக்குமா என்றுதான் பேசுவேன். பாம்புக்கும் அதே கேள்விகள்தான். விஷம் இருக்கக் கூடாது. கடிக்கக் கூடாது. வளர்ந்து வளர்ந்து வீட்டை அடைக்கக் கூடாது. முதன்முதலாக வளர்க்கிறவர் கையில் தப்பு நடந்தாலும் தாங்க வேண்டும். இந்தக் கேள்விகளை நான் கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் கேட்டதுதான் தவறாகப் போயிற்று.

முதலில் ஒரு வாழைக்காரர் வந்தார்.

“பாம்புக்கு எதுக்கு மதினி காசு? நம்ம தோப்புல ஆளு உசரத்துக்குச் சாரை கெடக்கு. சாக்குல புடிச்சுக் கொண்டாந்து அங்கன போட்டுட்டுப் போறேன்.”

அவருக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்த்தால் குற்றம். வெளிநாட்டுப் பாம்பு என்றால் வனத்துறையில் பதிவு செய்துகொண்டு வளர்க்கலாம். வாழைக்காரர் யோசித்தார். “நம்மூருப் பாம்பு சும்மா கெடைக்கும், வளக்கக் கூடாது. அசலூருப் பாம்புக்குக் காசு குடுக்கணும், வளக்கலாம். நல்ல நாயம் மதினி” என்றார். 

அடுத்து வந்தவன்தான் என் பொறுமையைக் குடித்தவன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். கூட்டம் கலையும் வரை தெளிப்பானை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் போனதும் கல்லாவில் சாய்ந்தான்.

“அக்கா, அண்ணே இருதலை மணியன் தேடுறாகன்னு கேள்விப்பட்டேன். பார்ட்டி யாரு, கேரளாவா?”

இருதலை மணியன் என்பது மண்ணுளிப் பாம்பு. வால் நுனியும் தலையைப் போலவே மழுங்கி இருக்கும், பாவம், அதற்கு அவ்வளவுதான் விசேஷம். அது வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் கொட்டும், லட்சம் லட்சமாக விலை போகும் என்று ஊரை ஏமாற்ற ஒரு கூட்டமே திரிகிறது. நம்பிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு, பாம்போடு பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. கடை கண்ணி வைத்திருக்கிற ஒரு மனிதர் பாம்பு தேடுகிறார் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனை விளக்குமாற்றோடு தெருவரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

அவன் போன சூட்டோடு வனக்காப்பாளர் ஒருவர் வேப்பம்புண்ணாக்கு கேட்டு வந்தார். புண்ணாக்கு வாங்க வந்தவர் மூட்டைகளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் தேடுறீக? பாம்பா? இன்னும் வாங்கல” என்று நேராகவே சொல்லிவிட்டேன். நாய் செத்ததிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டார். எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார். முதன்முதலாக வளர்க்கிறவர்களுக்கு எது நல்லது என்று அவரிடமே கேட்டேன்.

“அம்மா, பாம்பைப் புடிச்சுக் காட்டுல கொண்டு விடுறது எங்க வேலை. வீட்டுக்குள்ள விடுறதுக்கு யோசனை கேக்குறீகளே” என்று எழுந்து போய்விட்டார். புண்ணாக்கும் வாங்கவில்லை.

கடைசியில் கோயம்புத்தூருக்கே போனோம். பதிவுச் சீட்டோடு வெளிநாட்டுப் பாம்பு வளர்த்து விற்கிற ஓர் இளைஞரின் வீடு. மாடி அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். நான் என் கேள்விகளை எல்லாம் அடுக்கினேன். அவர் யோசிக்கவே இல்லை. ஒரு பெட்டியைத் திறந்து பாவாடை நாடாத் தடிமனில் ஆரஞ்சு நிறப் பாம்பு ஒன்றை எடுத்தார்.

“கார்ன் பாம்பு, மேடம். அமெரிக்காவுல சோளக் களஞ்சியத்துல எலி பிடிக்கிற ஜாதி. முதல் பாம்புக்கு இதைவிட நல்லது கிடையாது. விஷமில்லை, சாது, வச்ச தீனியை மறுக்காது, உங்க ஊர்க் குளிரையும் தாங்கும். மூடியை மட்டும் இறுக்கிப் பூட்டணும். சந்து கிடைச்சா கிளம்பிடும்.”

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பூட்டுப் போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன். அந்தப் பாம்பு என் வீட்டுக்காரர் கைக்கு ஏறி, தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“இது வேணாம்.”

“ஏன்?”

“பாக்குது.”

“கண்ணு இருந்தா பாக்காம என்ன செய்யும்?”

“ஆளைப் பாக்குது.”

அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை குறை சொன்னால் எழுந்து போய்விடலாம். இங்கே மாப்பிள்ளையை நான்தானே கூட்டி வந்திருக்கிறேன்.

அடுத்த பெட்டியில் தடித்த பழுப்புப் பாம்பு ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவில் இருக்கிற குட்டையான மலைப்பாம்பு ஜாதியாம். கையை நீட்டியதும் அது தலையை உள்ளே இழுத்து, உடம்பைச் சுற்றி இறுக்கி, தேங்காய் போல உருண்டுகொண்டது. வெளி உலகத்தோடு எனக்கு எந்தச் சோலியும் இல்லை என்பது போல. என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. தன் இனத்தைக் கண்டுகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இளைஞர் நேர்மையானவர். அதன் குறைகளையும் சொன்னார். சாதுதான், ஓடாது, ஆனால் பெட்டிக்கு அடியில் சூடு கொடுக்க வேண்டும். இடம் மாறினாலும் குளிர் வந்தாலும் தீனி எடுக்காது. சில சமயம் மாசக்கணக்கில் பட்டினி கிடக்கும், அது அதன் சுபாவம், புதிதாக வளர்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். “முப்பது வருஷம் இருக்கும் சார். அதையும் யோசிச்சுக்குங்க.”

“முப்பது வருசமா?” என்றார் இவர்.

“நல்லாப் பார்த்துக்கிட்டா அதுக்கு மேலயும் இருக்கும்.”

“இதுதான்” என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். கண்ணில் ஒரு வெளிச்சம். கடைக்காரர் புத்தி, நீண்ட நாள் உழைக்கிற சரக்கு என்று சந்தோஷப்படுகிறார் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

திரும்பி வந்தது வாடகைக் காரில். டிரைவரிடம் பெட்டியில் முயல் என்று சொல்லி வைத்திருந்தேன். வடுகபட்டி வந்ததும் அந்த நல்ல மனிதர் வண்டியை ஓரங்கட்டி, “முயலுக்குக் காரட்டு வாங்கணுமாம்மா?” என்று கேட்டார். ஒரு கிலோ வாங்கினேன். வேறு என்ன செய்வது?

வீட்டின் நடு அறைக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. அதன் தீனிக்கு வெள்ளைச் சுண்டெலிகள் ஐஸில் உறைய வைத்து மதுரையிலிருந்து வந்தன. இட்லி மாவுக்குப் பக்கத்தில் எலிப் பொட்டலத்தை வைக்கப் போனாரே, அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத முடியாது. கடையில் உயிர் உரம் வைக்கிற பழைய ஃபிரிட்ஜ் எலிகளுக்காக வீட்டுக்கு வந்தது. உயிர் உரம் என் இட்லி மாவோடு சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மா ஒரு தம்ளர் பாலும் முட்டையும் மஞ்சளுமாக வந்து நின்றார். அவர் மகளுக்கு ஜாதகத்தில் நாக தோஷமாம்.

“அண்ணே வீட்டுலயே வச்சிருக்காகளே, புத்துக்கு எதுக்கு நடக்கணும்னு வந்தேன் மதினி.”

“அது ஆப்பிரிக்காப் பாம்பு, மதினி. நம்ம தோஷமெல்லாம் அதுக்குத் தெரியாது.”

“சாமிக்கு ஊரு ஏது?”

அதற்கடுத்த வெள்ளியில் அவரோடு இன்னும் சிலர். பால் குடிக்காது என்று சொன்னால் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். தெருப்பூனைகள் கொழுத்தன. ஆனால் ஒன்று நடந்தது. இவர்களை விரட்டுவதற்காக என் வீட்டுக்காரர் கட்டிலைவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். “தாயி, கூட்டம் போட்டா அது பயந்துக்கிரும், போங்க தாயி” என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். எரிச்சலிலும் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. மார்கழி பிறந்தது. மேகமலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியது. கரண்ட் போய்ப் போய் வந்தது, பெட்டி சூடாகவே இல்லை. பாம்பு தின்பதை நிறுத்திவிட்டது. எலியை வைத்தால் வைத்தபடி கிடந்தது. மறுபடி வைத்தார், மறுபடி கிடந்தது. இவர் கட்டிலை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்தார். அவர் தட்டிலும் சோறு வைத்தபடி கிடந்தது. வீட்டில் இப்போது பட்டினி கிடக்கிறவர்கள் இரண்டு பேர். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆளு தெரியாத சீவன்னுதான வாங்குனீக? செத்தாலும் ஒண்ணும் தோணாதுன்னுதான சொன்னீக? அது திங்கலன்னா உங்களுக்கு ஏன் சோறு எறங்கல?”

 நான் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். எடை குறையாதவரை பயமில்லை, ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள், ஒளிந்துகொள்ள இருட்டான பெட்டி வையுங்கள், எலியை வெந்நீரில் சூடுபடுத்திக் கொடுங்கள் என்றார் அந்த இளைஞர். வெள்ளிக்கிழமைப் பக்தர்களுக்கு நானே கதவைச் சாத்தினேன். விதைப் பொட்டலம் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தேன். கரண்ட் போனபோதெல்லாம் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அணைவாக வைத்தேன். பிறகு, எனக்கென்று ஒரு வாய் காப்பி போட நேரமில்லாத நான், எலிக்கு வெந்நீர் போட்டேன். நெஞ்சில் தையல் போட்டவள் செய்கிற வேலையா இது?

தை பிறந்து ஒரு முற்பகல். கடையில் வெங்காயக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கைலியும் பனியனுமாக, தோளில் துண்டுகூட இல்லாமல் என் வீட்டுக்காரர் படியேறி வந்தார். கல்லாவைத் திறந்தபடியே விட்டு எழுந்துவிட்டேன்.

“தின்னுருச்சு” என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. “முழுசாத் தின்னுருச்சு. இப்பத்தான். நீ வச்ச பெட்டிக்குள்ளயிருந்து தலைய நீட்டி எடுத்துச்சு.” சொல்லிக்கொண்டே தன் நாற்காலியில் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.  பிறகு அந்தப் பழைய வாழைக்காரர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

“அண்ணே, வாழைக் கண்ணுல இலையெல்லாம் மஞ்சளா வருது...”

“எந்தப் பக்கம்? அடி இலையா, நுனி இலையா?” என்றார் இவர்.

நான் மூட்டைகளின் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுதுவிட்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மத்தியானம் வீட்டில் சோறு போடும்போது அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். நல்ல நேரம் என்று நான் கேட்டேன்.

“முப்பது வருசம்னு சொன்னப்ப ஏன் முகம் அப்படி மலந்துச்சு?”

“கணக்குப் போட்டுப் பாத்தேன்” என்றார், பிசைந்துகொண்டே. “எனக்குப் பின்னாடியும் அது கெடக்கும். அதுக்குக் குழி வெட்டுற வேலை எனக்கு இல்ல.”

“அப்ப யாரு பாத்துக்கிறது அதை?”

“நீதான்.”

“நல்லாயிருக்கே! நெஞ்சைப் பொளந்து தச்சவ நான். நான் மொதல்ல போயிட்டா?”

அவர் கை சோற்றில் நின்றது. “அதெல்லாம் நீ போக மாட்ட. பாம்பைப் பாத்துக்கிரணும்ல.”

அவ்வளவுதான் சொன்னார். மீண்டும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கட்டிலில் கவிழ்ந்து கிடந்த அத்தனை நாளும் இந்த மனிதர் நாயை மட்டும் நினைத்துக் கிடக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கிடந்ததையும் சேர்த்துத்தான் நினைத்துக் கிடந்திருக்கிறார். யார் முதலில் போவது, யார் பின்னால் இருப்பது என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்து, அதற்குக் காவலாக ஒரு பாம்பையும் வாங்கி வைத்திருக்கிறார். சாயங்காலம் வரை நான் அவரோடு பேசவில்லை.

ஆனால் என் தலையில்தான் விழப்போகிறது என்றால் பழகித்தானே ஆகவேண்டும்? தின்றது செரித்து முடிந்தபின் ஒரு நாள், “குடுங்க இங்கன” என்று இரண்டு கையையும் நீட்டினேன். மெதுவாக எடுத்து வைத்தார். நினைத்ததைவிடக் கனம். வழவழப்பாக, இளஞ்சூடாக இருந்தது. என் கைக்கு வந்ததும் தலையை உள்ளே இழுத்து உருண்டுகொண்டது. நான் கையை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்தேன்.

“பயப்படாத” என்றார் அவர். “அதுக்கு ஆளு தெரியாது.”

“அதுக்குத் தெரியாட்டிப் போகுது” என்றேன். “எனக்குத் தெரியுதுல்ல?”

 அவர் பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.